அப்பா இறங்கியே தீருவார்

குளுவாங்,
வியாழக்கிழமை, இரவு மணி 11.40.

பேரன்புக்கும் அதைவிடச் சற்று அதிகமான பயத்துக்கும் உரிய செல்வராணி அத்தை அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் லோஷினி பணிவோடு எழுதிக்கொள்வது. நீங்களும் சிவகணேசன் மாமாவும் யோங் பெங்கில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை என்று ஆறாம் வகுப்பில் எனக்குக் கடிதம் எழுதக் கற்றுக் கொடுத்தபோது சொன்னீர்கள். மன்னித்துவிடுங்கள் அத்தை, இங்கே யாரும் சுகமாக இல்லை. அம்மாவுக்குக் கழுத்து வலி, அப்பாவுக்குக் கால்விரலில் இரண்டு நகங்கள் கறுத்துவிட்டன, எனக்குத் தூக்கம் போய் நான்கு நாள் ஆகிறது. எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையை எடுக்காமல் முதலில் கடைசி வரை படியுங்கள். மேசை விளக்கின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, கூடுதல் கணிதப் பயிற்சிப் புத்தகத்தின் நடுத்தாளைக் கிழித்து எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா படுத்திருக்கிறார். ஓட்டக்காரர்கள் நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும் என்று குடித்துவிட்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடமாடுகிறார். ஒவ்வொரு தடவையும் நான் விளக்கை அணைத்துவிட்டுச் செத்துப் போனவள் மாதிரி படுக்கிறேன்.

ஏன் வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். என் வாட்ஸ்அப் அப்பாவின் மடிக்கணினியிலும் திறந்திருக்கிறது. குரல் பதிவு அனுப்பினால் நீங்கள் அதை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்பீர்கள், மாமா காதில் விழும், மாமா அப்பாவுக்குப் போன் போட்டு "ஏன் ஹேமநாதா, பிள்ளை என்னமோ சொல்லுதே?" என்று விசாரிப்பார். அதனால்தான் தாள். என் வகுப்புத் தோழியின் அம்மா பிரேமளா ஆன்ட்டி உங்கள் வீட்டுத் தெரு முனையில் இருக்கும் கிளினிக்கில் வேலை செய்கிறார். நாளை காலை பள்ளி வாசலில் அவரிடம் இதைக் கொடுத்துவிட்டால் நாளை மத்தியானம் உங்கள் கையில் இருக்கும்.

விஷயம் இதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பா நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப் போகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். குளுவாங்கில் தெரியாதவர்கள் யாரும் இல்லை. சாதாரணமாக ஓடினால் யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை, ஐந்து வருடமாக ஓடிக்கொண்டுதானே இருக்கிறார். ஆனால் போன வருடம் கோயில் அன்னதானத்தில் என்ன நடந்தது என்று அப்பா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். அப்பாவோடு வேலை செய்யும் ராஜசேகரன் அங்கிள் ஏதோ ஒரு வெளிநாட்டு மாரத்தானுக்குத் தகுதி நேரத்தில் ஓடித் தேர்வாகி, அங்கே போய் வந்து, அவர்கள் கொடுத்த குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தார். குளுவாங் வெயிலில், மத்தியானம் பன்னிரண்டரைக்கு, கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருந்தார். அப்பா ரசம் ஊற்றிக்கொண்டு வந்தார். "ஹேமா, நீயும் ஓடுற, பார்க்குறேன். அம்பது வயசுல பேப்பர் வாங்க நடந்து போனாலே போதும் லா, உடம்பைப் போட்டு ஏன் வதைக்குற?" என்று எல்லாரும் கேட்கும்படி சொன்னார். பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஆனால் அடுத்த இலைக்கு ஊற்றும்போது ரசம் இலையில் விழவில்லை, நான் பார்த்தேன். அன்றிலிருந்து அப்பாவுக்கு அதே வெளிநாடு, அதே மாரத்தான், அதே குளிர்ச்சட்டை. அவர் வயதுக்கு மூன்று மணி முப்பது நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அப்பாவின் ஆகச் சிறந்த நேரம் நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்.

வேறு ஒரு மனிதராக இருந்தால் வேகமாக ஓடப் பழகியிருப்பார். அப்பா தொழிற்சாலையில் தரக் கண்காணிப்பாளர் அல்லவா, ஓடுகிறவரில் குறை இல்லை, பாதையில்தான் குறை என்று முடிவு செய்தார். மூன்று வாரம் மடிக்கணினியில் உட்கார்ந்து நாட்டில் உள்ள அத்தனை மாரத்தானையும் அட்டவணை போட்டார். ஒன்றில் பாலம் ஏற வேண்டும், வேண்டாம். ஒன்றில் கடல் காற்று எதிரே அடிக்கும், வேண்டாம். ஒன்றில் நிழல் இல்லை, ஒன்றில் கூட்டம், ஒன்றில் போன வருடம் வாழைப்பழம் தீர்ந்துபோனதாம். கடைசியில் ஒரு நாள் ராத்திரி "வாசுகி! வாசுகி!" என்று அப்பா கத்தியதில் அம்மா குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்தார். திரையில் ஒரு கோடு. இடது மேல் மூலையில் ஆரம்பித்து, என் கூடுதல் கணித மதிப்பெண் போல, வலது கீழ் மூலை வரைக்கும் ஒரே சரிவு. செம்பனைத் தோட்டத்து உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம் இருக்கிற குன்றில் ஆரம்பித்து, தோட்டத்து மண்பாதை வழியாக வளைந்து வளைந்து இறங்கி, லாயாங் லாயாங் ரயில் நிலையத்துப் பக்கத்துத் திடலில் முடிகிற மாரத்தான். "நாற்பத்திரண்டு கிலோமீட்டர், எனக்குக் குறைய வேண்டியது நாற்பத்திரண்டு நிமிஷம். கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷம் மலை குடுத்தா போதும். பூமி இழுக்குது, நம்ம சும்மா விட்டுக் குடுக்கணும். அவ்வளவுதான்!" என்றார். அம்மா நுரையோடு நின்று அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "இழுக்குற பூமி எங்க கொண்டு போய் விடும்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். அப்பாவுக்குக் காதில் விழவில்லை. அச்செடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கோடு இப்போது சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. காலையில் சாம்பிராணி அதற்கும் சேர்த்துத்தான்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன் அத்தை, மரியாதையாகத்தான் கேட்டேன். மண்பாதையில் யாராவது தார் ரோட்டைவிட வேகமாக ஓட முடியுமா, கல் இருக்குமே, ஓலை கிடக்குமே என்றேன். "நீ எதிர்மறையாவே யோசிக்கிற" என்றார். இறக்கம் அதிகமாக இருக்கிற பாதையில் ஓடினால் அந்த வெளிநாட்டுக்காரர்கள் தண்டனையாகச் சில நிமிடம் கூட்டிவிடுவார்கள் என்று அவர்களுடைய விதியிலேயே எழுதியிருக்கிறதே என்று காட்டினேன். "அதுக்கும் சேர்த்து வேகமா இறங்கிட்டா போச்சு" என்றார். இந்த மாதிரி ஒருவரிடம் என்ன பேசுவது, நீங்களே சொல்லுங்கள்.

பிறகு பயிற்சி ஆரம்பித்தது. அப்பா ஏற மாட்டார். ஏறினால் தசை வேறு மாதிரி பழகிவிடுமாம். அதனால் ஞாயிறுதோறும் அம்மா காரில் அப்பாவைக் குன்றுக்கு மேலே கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும், அப்பா கீழே ஓடுவார், அம்மா பின்னாலேயே இரண்டு பக்க விளக்கும் மின்ன மின்ன ஓட்டி வர வேண்டும், நான் சன்னல் வழியாகத் தலையை நீட்டி நேரம் சொல்ல வேண்டும். கீழே வந்ததும் மறுபடி காரில் ஏற்றி மேலே. ஒரு நாளைக்கு ஆறு தடவை. முதல் வாரம் தோட்டத்துக் காவலாளி வழியை மறித்து, "என்சிக், யாரிடமிருந்து ஓடுகிறீர்கள்?" என்று மலாயில் மரியாதையாக ஐயா போட்டுக் கேட்டார். பின்னால் வருகிற காரில் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவரே புரிந்துகொண்டவர் போல ஒதுங்கி வழிவிட்டார். பேரங்காடிக்குப் போனால் மின்தூக்கியில் மேலே போய்ப் படிக்கட்டில் இறங்குகிறார், வாங்க வேண்டிய சாமான் கீழ்த்தளத்தில் இருந்தாலும்.

மூன்றாவது வாரம் அப்பா தாமதமாகப் புறப்பட்டார், வெயில் ஏறிவிட்டது. பாதி இறக்கத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி குறுக்கே வந்து எங்கள் காரை மறித்துக்கொண்டது. லாரி நகர்ந்தபோது அப்பாவைக் காணவில்லை. கீழே மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பம் வரை போய் வீடு வீடாகக் கேட்டோம். அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். கடைசியில் ஒரு மலாய்க் கல்யாண வீட்டுக் கூடாரத்துக்குள்ளே, தலைமை மேசைக்கு இரண்டாவது மேசையில், வியர்த்து வடிகிற பனியனோடும் ஓட்டக் காற்சட்டையோடும் உட்கார்ந்து அப்பா நெய்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இறக்கத்தின் முடிவில் பிரேக் பிடிக்கவில்லையாம். நேரே கூடாரத்துக்குள் போய்விட்டாராம். மாப்பிள்ளையின் அப்பா யாரோ தூரத்து விருந்தாளி அவசரமாக ஓடி வருகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாராம். "மரியாதைக்கு ரெண்டு வாய் சாப்பிட்டேன் மா" என்றார். இரண்டாவது தட்டு அது. கிளம்பும்போது பூ வைத்த அவித்த முட்டை ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அப்பா பின் இருக்கையில் முட்டையை உரித்துக்கொண்டே, "நாலு கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு நாலு நிமிஷம் நாற்பது, பார்த்தியா?" என்றார்.

இதுவரை எழுதியது எரிச்சல் அத்தை. இனிமேல்தான் பயம்.

பதிவு திறந்த நாள் அப்பாவுக்கு வேலை நாள். நானூறு இடம்தான், பகல் பன்னிரண்டுக்குத் திறக்கும், தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. பள்ளி விடுமுறை என்பதால் அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டார். "ரொம்ப முக்கியம் மா, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்துப் போடு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் பன்னிரண்டு மணிக்குச் சரியாகப் பதிவு இணையத்தளத்தைத் திறந்தேன். முதல் கட்டத்தில் அடையாள அட்டை எண் கேட்டது. இந்த வருடம் முழுக்கத் தேர்வுக்கு, நூலகத்துக்கு, தடுப்பூசிக்கு என்று எத்தனை பாரம் நிரப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அத்தை, என் விரல் தானாக என்னுடைய எண்ணை அடித்துவிட்டது. போன வருடம் பள்ளியின் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இதே தளத்தில்தான் என்னைப் பதிந்திருந்தார்கள். எண்ணைப் போட்டதும் மற்றதெல்லாம் தானாகவே நிரம்பிவிட்டது. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! உறுதிசெய் என்று அமுக்கிவிட்டு மெகி கோரெங் செய்து சாப்பிட்டேன். சாயங்காலம் பெயர்ப் பட்டியல் வந்தது. பட்டியலில் கடைசிப் பெயர் மட்டும்தான் போடுவார்கள். என் அட்டையில் லோஷினி, அப்பா பெயர் ஹேமநாதன். பட்டியலில் வெறும் ஹேமநாதன். அப்பா தன் பெயரைப் பார்த்து, விரலால் தடவிப் பார்த்து, அதையும் அச்செடுத்து முருகனுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "அன்புள்ள இளம் வீராங்கனையே, பெண்கள் இளையோர் பிரிவில் உங்களை வரவேற்கிறோம். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்பதால் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எண் அட்டை வாங்கும்போது அடையாள அட்டையோடு காட்டவும்." அன்று ராத்திரியிலிருந்து நான் தூங்கவில்லை. பெயரை மாற்ற முடியுமா என்று எழுதிக் கேட்டேன். மாற்றும் தேதி போன மாதமே முடிந்துவிட்டது, ஒருவருடைய எண்ணில் இன்னொருவர் ஓடினால் அந்த நேரம் செல்லாது என்று சிரித்த முகப் பொம்மையோடு பதில் வந்தது.

அப்பா அடிக்க மாட்டார், கத்த மாட்டார், உங்களுக்குத் தெரியும். "பரவால்ல மா" என்பார். அதுதான் பயம். போன தடவை அவருடைய ஓட்டக் கைக்கடிகாரத்தைச் சட்டைப் பையில் பார்க்காமல் துவைக்கும் இயந்திரத்தில் போட்டதற்குப் பரவால்ல என்று சொல்லிவிட்டுப் பதினொரு நாள் என்னிடம் உப்பைக் கொடு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேசவில்லை. இது கடிகாரம் இல்லையே. தகுதிக்குக் கடைசித் தேதிக்கு முன்னால் இருக்கிற ஒரே ஓட்டம் இதுதான். ஒரு வாரம் விடுப்பு எடுத்திருக்கிறார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நூறு பேர் வரிசையில் நிற்க, எண் அட்டை கொடுக்கிற பெண் பட்டியலைப் பார்த்து "இளையோர் பெண்கள்" என்று சொல்லப் போகிறாள். அங்கே ராஜசேகரன் அங்கிளும் நிற்பார், இந்த ஓட்டத்தில் அவர் தண்ணீர் கொடுக்கும் தொண்டர். அதே குளிர்ச்சட்டையோடு நிற்பார். அப்பா முகத்தை அப்போது நான் பார்க்க வேண்டும்.

ஆகவே அத்தை, உங்களால் மட்டும்தான் இது முடியும். தயவுசெய்து சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போக வேண்டும். உங்களுக்கு டெங்கி வந்தபோது அப்பா ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் சப்பாத்து போட்டுக்கொண்டு யோங் பெங் வந்தவர். நீங்கள் கூப்பிட்டால் எண் அட்டையாவது மலையாவது, அப்படியே வந்துவிடுவார். மயக்கம் மட்டும் போதும். நெஞ்சுவலி வேண்டாம், பக்கத்து வீட்டார் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவார்கள். இரத்த அழுத்தம் என்று சொல்லாதீர்கள், அப்பா அளக்கிற கருவியை எடுத்துக்கொண்டு வருவார், உங்கள் அழுத்தம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். மயக்கம் என்றால் எந்தக் கருவியும் இல்லை. ஞாயிறு மத்தியானம் வரை மயக்கமாகவே இருங்கள், பிறகு கொஞ்சம் கஞ்சி குடியுங்கள். அப்பா ஓடாததற்கு அக்காவைக் கவனித்ததுதான் காரணம் என்று ஊரே சொல்லும். ராஜசேகரன் அங்கிள்கூட வாயைத் திறக்க முடியாது. எங்கள் வீட்டு மூன்று பேர் மானமும் காப்பாற்றப்படும். நீங்கள் முப்பது வருடம் தமிழாசிரியையாக இருந்து ஒரு பொய்யும் சொன்னதில்லை என்று எனக்குத் தெரியும். இந்த ஒன்றுக்கான பாவத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம், அவர் உண்மையாகவே பதறினால்தான் நம்பும்படி இருக்கும். உங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் எனக்கு என்றும் வேண்டும், சனிக்கிழமை எட்டு மணிக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

உங்கள் கீழ்ப்படிந்த மருமகள்,
லோஷினி.

பி.கு.: வெள்ளி காலை, மணி 6.20. அத்தை, மேலே எழுதிய எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள் என்று எழுதத்தான் இந்தத் தாளை மறுபடி பிரித்தேன். அப்பா காலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி ஒவ்வொரு படியாக மாடியிலிருந்து இறங்கி வந்தார். அம்மா வெளியே துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா என் எதிரே உட்கார்ந்து, "ஏம்மா, மழை பெஞ்சா இந்த ரேஸைக் கேன்சல் பண்ணிடுவாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். காற்சட்டையை மேலே இழுத்துக் காட்டினார். இரண்டு முட்டியும் ஆவியில் வேகவைத்த பாவ் உருண்டை மாதிரி வீங்கியிருந்தன. "ஒரு படி இறங்க முடியல மா. அம்மாகிட்ட சொல்லாத. ராஜசேகரன்கிட்ட சொல்லவே சொல்லாத. இவ்வளவு பேசிட்டு இப்ப எப்படி வரலன்னு சொல்றது?" என்றார். எனக்கு வந்த அழுகையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: விரல், எண், வீராங்கனை, எல்லாம். அப்பா காற்சட்டையைக் கீழே இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "அப்போ என் பேர்ல ஓட்டமே இல்லையா? நான் ஓடாம விட்டேன்னு யாரும் சொல்ல முடியாதா? அலமாக், நீ என் குலதெய்வம் டி!" என்று என் தலையில் முத்தம் கொடுத்தார். நீங்கள் மயங்கவே வேண்டாம் என்று எழுத நான் பேனாவை எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அப்பா, எங்கே காட்டு என்று அந்த மின்னஞ்சலை வாங்கிப் படித்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். அந்தக் கோட்டை முதல் முதலில் பார்த்த ராத்திரி அவர் முகத்தில் இருந்த அதே வெளிச்சம் வந்தது. "பெற்றோர் கையெழுத்து மட்டும்தானே கேட்டிருக்காங்க?" என்றார். மேசைக்கு அடியில் குனிந்து என் காலைப் பார்த்தார். "உன் சப்பாத்து சைஸ் என்ன? பயப்படாத மா, முழுக்க இறக்கம்தான், சும்மா கால வச்சா போதும். ராஜசேகரன் மகளுக்கும் பதினாறு வயசுதானே, அவ என்னத்த ஓடுறா?" என்று சொல்லிக்கொண்டே சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அத்தை, சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் உட்கார்ந்திருக்கிற இடத்திலேயே மயங்கி விழுங்கள்.